ஒரு சர்வருக்குள் இருபது சர்வர்: மெய்நிகராக்கம் எப்படி வேலை செய்கிறது?

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் சர்வர் ரூமில் 11 சர்வர்கள் இருந்தன. சர்வர் என்றால் ஆபீஸில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்காக நாள் முழுக்க ஓடும் கம்ப்யூட்டர். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். ‘மெயில்’, ‘கணக்கு’, ‘பயோமெட்ரிக்’, ‘ஃபைல்’ என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். கடைசி ரேக்கின் அடியில் இருந்த ஒன்றில் மட்டும் பெயர் இல்லை. சிவப்பு மையில் ‘அணைக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தது. அதை நிறுவியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். சம்பளப் பட்டியல் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று அதில் ஓடுகிறது என்பது மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் மதியம், எல்லோரும் மும்முரமாக வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு சர்வருக்குள்ளும் நுழைந்து சிபியு (பிராசசர்) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று ஒரு தாளில் குறித்தேன். 4, 7, 3, 11, 2... இப்படித்தான் போனது. மாதக் கடைசியில் கணக்கு சர்வர் மட்டும் 40-ஐத் தொடும். மற்ற நாளெல்லாம் 11 பெட்டிகளும் சும்மா உட்கார்ந்திருந்தன. ஆனால் சும்மா இருப்பதற்கும் கரண்ட் வேண்டும். வேலையே இல்லாத சர்வர்கூட முழு வேலையில் இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியை இழுக்கிறது என்று கூகுளின் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007-இல் எழுதினார்கள். அந்த மின்சாரம் முழுக்க வெப்பமாக மாறும். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி ஓட வேண்டும், கரண்ட் போனால் இதையெல்லாம் தாங்க யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும்.

சரி, 11 வேலையையும் இரண்டு சர்வரில் போட்டால் என்ன? அன்றைக்கு எனக்கும் முதலில் தோன்றியது இதுதான். செய்து பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸின் ஒரு குறிப்பிட்ட பதிப்பு வேண்டும். மெயில் லினக்ஸில் ஓடுகிறது. பயோமெட்ரிக் விற்றவர், “எங்கள் மென்பொருள் இருக்கும் சர்வரில் வேறு எதையும் போட்டால் சப்போர்ட் கிடையாது” என்று எழுதியே கொடுத்திருக்கிறார். ஒன்றுக்கு அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் கூட இருக்கும் இன்னொன்றும் நிற்கும். ஒன்றுக்குள் வைரஸ் புகுந்தால் மற்றதற்கும் வழி திறந்துவிடும். அதனால்தான் ‘ஒரு வேலைக்கு ஒரு பெட்டி’ என்பது எல்லாக் கம்பெனிகளிலும் வழக்கமாக இருந்தது. இதில் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, வேறு வழியில்லாமல் செய்ததுதான்.

அந்த வேறு வழிதான் மெய்நிகராக்கம். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து வெர்ச்சுவலைசேஷன் என்றும் சொல்வார்கள். அதற்குள் போவதற்கு முன், சர்வர் என்ற பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம்.

சர்வரின் மூடியைத் திறந்தால்

ரேக்கில் வைக்கும் சர்வர் 19 அங்குல அகலச் சட்டத்தில் பொருந்தும்படி தட்டையாக இருக்கும். உயரத்தை ‘யு’ கணக்கில் சொல்வார்கள். ஒரு யு என்பது 1.75 அங்குலம். சாதாரணமாக ஒரு ரேக் 42 யு உயரம் இருக்கும். முன்பக்கம் வரிசையாக ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி தட்டுகள். ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் அதன் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரியும். சர்வரை நிறுத்தாமலே தட்டை இழுத்து வெளியே எடுத்து, புதியதைச் செருகலாம். பின்பக்கம் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்றை ஒரு யுபிஎஸ்ஸிலும் இன்னொன்றை வேறு யுபிஎஸ்ஸிலும் சொருகுவது முறை. ஒன்றைப் பிடுங்கினாலும் சர்வர் நிற்காது. இரண்டு வயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் இரண்டாவது பவர் சப்ளைக்குக் கொடுத்த பணம் வீண்.

மூடியைத் திறந்தால் நடுவில் ஒரு வரிசை விசிறிகள். அதற்குப் பின்னால் இரண்டு பிராசசர்கள். இரண்டு பக்கமும் ரேம் அட்டைகள் சீப்புப் பற்கள் மாதிரி நெருக்கமாக நிற்கும். இந்த ரேம்தான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசங்களில் ஒன்று. இதை இசிசி ரேம் என்பார்கள். 64 பிட் தரவோடு 8 பிட் சரிபார்ப்பையும் சேர்த்து வைப்பது இதன் வழக்கமான முறை. எங்கேயாவது ஒரு பிட் தவறாக மாறிவிட்டால் அது தானாகவே திருத்திவிடும். இரண்டு பிட் மாறினால் திருத்த முடியாது, ஆனால் தவறு நடந்திருக்கிறது என்று சொல்லிவிடும். வீட்டு பிசியில் ஒரு பிட் மாறினால் பல நேரம் ஒரு படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறுவதோடு போய்விடும். சம்பளப் பட்டியலில் ஒரு பிட் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், மதர்போர்டில் ஒரு ஓரமாகத் தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும். டெல் சர்வரில் இதற்கு ஐடிராக் என்று பெயர், எச்பிஇ சர்வரில் ஐலோ. சர்வர் அணைந்திருந்தாலும் இது விழித்திருக்கும். இதற்கென்று தனி நெட்வொர்க் போர்ட் உண்டு. வீட்டிலிருந்தபடியே சர்வரை ஆன் செய்யலாம், அதன் திரையைப் பார்க்கலாம், எந்த விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நள்ளிரவில் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடும் வேலையை எனக்கு மிச்சப்படுத்தியது இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்தான்.

இந்தப் பெட்டிகளின் பலம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. 2024-இல் ஏஎம்டி வெளியிட்ட எபிக் வரிசையில் ஒரே பிராசசரில் 192 கோர்கள் உள்ள மாடல் இருக்கிறது. கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு குட்டிப் பிராசசர். ஒரு சர்வரில் இரண்டு பிராசசர் போட்டால் 384 கோர். ஒரு பயோமெட்ரிக் மென்பொருளுக்கு இதில் இரண்டு கோர் தாராளம். மீதியை என்ன செய்வது?

அடுக்குமாடி வீடு

ஊரில் ஒரு கிரவுண்டு நிலத்தில் ஒரே ஒரு தனிவீடு இருந்த இடத்தில் இப்போது எட்டு ஃப்ளாட் வந்துவிடுகிறது, இல்லையா? நிலம் ஒன்று, அஸ்திவாரம் ஒன்று, போர் தண்ணீர் ஒன்று. ஆனால் ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் தனிக் கதவு, தனிச் சமையலறை, தனி மீட்டர். பக்கத்து வீட்டில் சுவரை இடித்து வேலை செய்தாலும் உங்கள் வீட்டுச் சமையல் நிற்காது.

சர்வர்தான் நிலம். அதன் மேல் முதலில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைப் போடுகிறோம். அது சர்வரின் பிராசசர், ரேம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டு, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு முழுக் கம்ப்யூட்டர் போலக் காட்டுகிறது. அப்படிக் காட்டப்படும் ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் இயந்திரம். துறையில் இருப்பவர்கள் எல்லோரும் விஎம் என்றுதான் சொல்வார்கள். அடியில் இருக்கும் நிஜ சர்வர் ஹோஸ்ட். ஒரு விஎம்மில் விண்டோஸ், பக்கத்தில் ஒன்றில் லினக்ஸ், இன்னொன்றில் பத்து வருடப் பழைய விண்டோஸ் என்று எதை வேண்டுமானாலும் போடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை பொருந்தாது. ஃப்ளாட்டில் இருப்பவருக்குத் தான் ஃப்ளாட்டில் இருப்பது தெரியும். விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸோ முழு நிலமும் தன்னுடையது என்று நம்பித்தான் ஓடுகிறது. அந்த நம்பிக்கையை எப்படிக் கலையாமல் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம்பவைக்கும் கலை

பிராசசருக்குள் கட்டளைகள் எல்லாம் ஒரே தகுதியில் இருப்பதில்லை. கூட்டல், கழித்தல் போன்றவற்றை எந்த மென்பொருளும் செய்யலாம். ரேமை யாருக்கு எவ்வளவு ஒதுக்குவது, டிஸ்க்கிடம் எப்போது பேசுவது போன்ற அதிகாரமுள்ள கட்டளைகளை ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டுமே செய்யலாம். வேறு மென்பொருள் முயன்றால் பிராசசர் அதைப் பிடித்து நிறுத்தி ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைத்துவிடும்.

ஹைப்பர்வைசரின் மூலக்கருத்து இதிலிருந்துதான் வந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அதிகாரமில்லாத இடத்தில் உட்காரவைத்து, அதன் அடியில் ஹைப்பர்வைசரை வைத்துவிட்டால்? உள்ளே இருக்கும் விண்டோஸ் ஓர் அதிகாரக் கட்டளையைப் போடும். பிராசசர் பிடித்து ஹைப்பர்வைசரிடம் கொடுக்கும். ஹைப்பர்வைசர் அந்த விஎம்முக்கு உரிய பங்கை மட்டும் வைத்து அந்த வேலையைச் செய்து, “ஆயிற்று” என்று பதில் சொல்லும். விண்டோஸ் அடுத்த வரிக்குப் போகும். நடுவில் ஒருவர் இருந்தது அதற்குத் தெரியாது. மற்ற சாதாரணக் கட்டளைகள் நேராகப் பிராசசரிலேயே ஓடுவதால் வேகமும் பெரிதாகக் குறையாது.

இந்த யோசனை புதியது இல்லை. ஐபிஎம் நிறுவனம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆய்வு மையத்தில் சிபி-40 என்ற அமைப்பை உருவாக்கி 1967-லேயே ஓட்டியது. 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கே கொடுத்தது. விலையுயர்ந்த ஒரே மெயின்ஃபிரேமைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய தேவை அன்றைக்கு இருந்தது. எந்த வகைப் பிராசசரில் இப்படிச் செய்யலாம் என்பதை 1974-இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பர்க்கும் தெளிவான விதியாகவே எழுதினார்கள். அதன் சாரம் எளிது. மெஷினின் நிலையைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும், அதிகாரமில்லாதவர் போட்டால், கட்டாயம் பிடிபட வேண்டும்.

அப்புறம் மலிவான பிசி பிராசசர்களின் காலம் வந்தது. இன்டெல்லின் எக்ஸ்86 குடும்பம் இந்த விதியை மீறியது. பென்டியத்தில் மட்டும் 17 கட்டளைகள் பிடிபடாமல் நழுவின. ‘பாப்எஃப்’ என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு, நெட்வொர்க் போன்றவை ‘என்னைக் கவனி’ என்று அனுப்பும் குறுக்கீடுகளை நிறுத்திவைக்க ஆபரேட்டிங் சிஸ்டம் இதைப் பயன்படுத்தும். அதிகாரமில்லாத இடத்திலிருந்து போட்டால் பிராசசர் அதைப் பிடித்துக் கொடுப்பதும் இல்லை, பிழை என்று சொல்வதும் இல்லை. அந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போய்விடும். உள்ளே இருக்கும் விண்டோஸ் ‘குறுக்கீடு நின்றுவிட்டது’ என்று நினைத்துக்கொண்டிருக்கும், உண்மையில் நின்றிருக்காது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் குழம்பிவிடும். எக்ஸ்86-இல் மெய்நிகராக்கம் நடைமுறைக்கு ஆகாது என்ற எண்ணம் பரவலாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

1998-இல் மெண்டல் ரோசன்பிளம், டயேன் கிரீன், இன்னும் மூன்று பேர் சேர்ந்து விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ரோசன்பிளம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர்கள் கண்ட வழி எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. விஎம்முக்குள் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கட்டளைகளை ஓடவிடுவதற்கு முன்பே, ஓட ஓட, வரிவரியாகப் படித்துப் பார்ப்பது. நழுவக்கூடிய கட்டளை வந்தால் அதை எடுத்துவிட்டு, அதே பலனைத் தரும் பாதுகாப்பான வேறு கட்டளைகளை அங்கே வைப்பது. ஒருமுறை மாற்றியதைச் சேமித்துவைத்து அடுத்த முறை அப்படியே பயன்படுத்துவது. மேசைக் கம்ப்யூட்டருக்கான விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் 1999-இல் வந்தது. சர்வருக்கான இஎஸ்எக்ஸ் 2001-இல் வந்தது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2003-இல் உருவான ஸென் என்ற ஹைப்பர்வைசர் வேறு வழியில் போனது. உள்ளே ஓடும் லினக்ஸின் மூலநிரலையே திருத்தி, ‘நீ ஹைப்பர்வைசர் மேல் ஓடுகிறாய், வேண்டியதை அதனிடம் கேள்’ என்று சொல்லிக்கொடுத்தது. கடைசியில் பிராசசர் செய்பவர்களே இறங்கி வந்தார்கள். 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏஎம்டியும் ஹைப்பர்வைசருக்கென்று தனி அதிகாரப் படியைப் பிராசசருக்குள்ளேயே வைத்துக் கொடுத்தன. அதைப் பயன்படுத்தி ஆவி கிவிட்டி எழுதிய கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் 2007-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி 2008-இல் வந்தது.

கம்ப்யூட்டர் ஒரு ஃபைல் ஆனபோது

மின்சாரம் மிச்சம், இடம் மிச்சம் என்பதெல்லாம் நிர்வாகத்துக்குப் புரியும் லாபங்கள். என்னைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் வேறு. விஎம்மின் ஹார்ட் டிஸ்க் என்பது ஸ்டோரேஜில் இருக்கும் ஒரு பெரிய ஃபைல். அதில் எத்தனை கோர், எவ்வளவு ரேம், எந்த நெட்வொர்க் என்பதெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். இரண்டையும் காப்பி எடுத்தால் முழுக் கம்ப்யூட்டரையே காப்பி எடுத்தாயிற்று. கம்ப்யூட்டர் இரும்புப் பெட்டியிலிருந்து பிரிந்து வந்துவிட்டது.

அந்த ‘அணைக்கக் கூடாது’ சர்வரை இப்படித்தான் மீட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லோரும் கிளம்பிய பிறகு, அதன் டிஸ்க்கை அப்படியே விஎம்மாக மாற்றும் மென்பொருளை ஓட்டினோம். உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை, ஒரு பிட் விடாமல் பெயர்த்து எடுத்தால் போதும். பழைய டிஸ்க்கிலிருந்து கரகரவென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. சதவீதம் 62-இல் வெகுநேரம் நின்றது. நானும் என் சீனியர் அண்ணனும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். விடிகாலை 4 மணிக்கு முடிந்தது. பழையதன் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு விஎம்மை ஆன் செய்தோம். அதே விண்டோஸ் திரை, அதே பழைய வால்பேப்பர் வந்தது. திங்கட்கிழமை சம்பளப் பிரிவில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. “அது என்னமோ கொஞ்சம் வேகமாக இருக்கு தம்பி” என்று ஓர் அக்கா மட்டும் சொன்னார்.

ஓடிக்கொண்டே இடம் மாறுவது

ஃபைலைக் காப்பி எடுப்பது சரி. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமலே ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம் என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். விஎம்வேர் இதை 2003-இல் விமோஷன் என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று சர்வருக்கான பெரும்பாலான ஹைப்பர்வைசர்களில் இது உண்டு.

நடப்பது இதுதான். பொதுவாக டிஸ்க் ஃபைல் இரண்டு ஹோஸ்டுக்கும் பொதுவான ஸ்டோரேஜில் இருக்கும், அதனால் அதை நகர்த்த வேண்டியதில்லை. ரேமில் இருப்பதை மட்டும் நகர்த்தினால் போதும். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ரேம் முழுவதையும் நெட்வொர்க் வழியாகப் புது ஹோஸ்டுக்குக் காப்பி எடுப்பார்கள். எடுத்து முடிப்பதற்குள் ரேமின் சில பகுதிகள் மாறியிருக்கும். மாறியதை மட்டும் மறுபடி எடுப்பார்கள். அதற்குள் இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் முன்பைவிடக் குறைவாக. இப்படிச் சுற்றுச் சுற்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, மிச்சம் மிகச் சிறியதானதும் விஎம்மை ஒரு கணம் உறையவைத்து, அந்த மிச்சத்தையும் அனுப்பி, புது ஹோஸ்டில் விட்ட இடத்திலிருந்து ஓடவிடுவார்கள். ‘இந்த முகவரி இனி இந்தப் பக்கம்’ என்று நெட்வொர்க் சுவிட்சுக்கும் ஓர் அறிவிப்பு போகும். 2005-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் ஸென்னில் இதைச் செய்து காட்டினார்கள். பலர் விளையாடிக்கொண்டிருந்த க்வேக் 3 விளையாட்டு சர்வரை நகர்த்தியபோது அது நின்ற நேரம் 60 மில்லிசெகண்ட் அளவுதான்.

நான் முதல்முறை இதைச் செய்தபோது பக்கத்துத் திரையில் பிங் ஓடவிட்டிருந்தேன். ‘இருக்கிறாயா?’ என்று நெட்வொர்க் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் கட்டளை அது. நொடிக்கு ஒரு வரி வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு வரியில் பதில் தவறியது, அடுத்த வரி வழக்கம்போல வந்தது. அந்த ஒரு வரிக்குள் ஒரு சர்வர் ரேக் விட்டு ரேக் மாறியிருந்தது. பட்டப்பகலில் ஹோஸ்டைக் காலி செய்து, ரேம் மாற்றி, மறுபடி விஎம்களைக் கொண்டுவந்து வைக்க முடியும் என்பது எங்களைப் போன்றவர்களின் ஞாயிற்றுக்கிழமைகளைத் திருப்பிக் கொடுத்தது.

புதிதாகக் கற்பவர்கள் இதையும் ‘ஹெச்ஏ’ என்ற வசதியையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். ஹெச்ஏ என்பது ஹோஸ்ட் திடீரென்று செத்துப்போகும்போது உதவுவது. செத்த ஹோஸ்டின் ரேமில் இருந்தது போனது போனதுதான், நகர்த்த எதுவும் மிச்சமில்லை. அதில் இருந்த விஎம்களை மற்ற ஹோஸ்டுகள் புதிதாக ஆன் செய்யும். பயனருக்குச் சில நிமிடத் தடை இருக்கும். அதற்கு மற்ற ஹோஸ்டுகளில் இடமும் இருக்க வேண்டும். தலா 512 ஜிபி ரேம் உள்ள மூன்று ஹோஸ்ட் இருந்தால் மொத்தம் 1,536 ஜிபி. ஆனால் ஒன்று விழுந்தாலும் தாங்க வேண்டுமானால் 1,024 ஜிபிக்குள்தான் விஎம்களை வைக்க வேண்டும். மிச்சம் சும்மா கிடக்கிறதே என்று நிரப்பிவிட்டால், விழும் நாளில் சில விஎம்கள் எழுந்திருக்காது.

கவனிக்க வேண்டிய இடங்கள்

விஎம்முக்குக் கொடுக்கும் கோர் எண்ணிக்கை என்பது வரிசையில் நிற்கும் உரிமை மட்டுமே. ஒரே நிஜக் கோரை ஹைப்பர்வைசர் பல விஎம்களுக்கு முறைபோட்டுக் கொடுக்கிறது. எதற்கும் 16 கோர் கொடுத்துவைத்தால் வேகமாக ஓடும் என்று நினைத்து எல்லா விஎம்முக்கும் அள்ளிக் கொடுத்தால் நேர்மாறாக நடக்கும். எல்லாம் ஒன்றுக்கொன்று முறைக்குக் காத்துக்கிடக்கும். இந்தக் காத்திருப்பு விஎம்முக்குள் இருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது, ஹோஸ்ட் பக்கம் இருந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு கோரில் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டுங்கள். இரண்டு பிராசசர் உள்ள ஹோஸ்டில் ஒவ்வொரு பிராசசருக்கும் அதன் பக்கத்து ரேம்தான் வேகம் என்பதால், முடிந்தவரை ஒரு பிராசசருக்குள் அடங்கும் அளவிலேயே விஎம்மை வைப்பதும் நல்லது.

அடுத்தது ஸ்னாப்ஷாட். பெரிய அப்டேட் போடுவதற்கு முன் விஎம்மின் அந்தக் கணத்து நிலையைப் பிடித்துவைத்து, தப்பாகிவிட்டால் திரும்பிப் போகலாம். அருமையான வசதி. ஆனால் ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு பழைய டிஸ்க் ஃபைலில் எதுவும் எழுதப்படாது, மாற்றமெல்லாம் இன்னொரு ஃபைலில் சேரும். அந்த ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்டேட்டுக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்டை அழிக்க மறந்துவிட்டோம். ஏழு வாரம் கழித்து ஒரு காலை 10 மணிக்கு ஸ்டோரேஜ் முழுதும் நிரம்பியது. அந்த ஒரு விஎம் மட்டும் நிற்கவில்லை, அதே ஸ்டோரேஜில் இருந்த 14 விஎம்களும் எழுத இடமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. போன் மணி அடிக்கத் தொடங்கியபோது எங்களுக்குக் காரணமே புரியவில்லை. ஸ்னாப்ஷாட் பேக்கப் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது அதே ஸ்டோரேஜில், பழைய ஃபைலை நம்பித்தான் இருக்கிறது. ஸ்டோரேஜ் போனால் இரண்டும் போய்விடும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 11 பெட்டி இருந்தபோது ஒரு பெட்டிக்குள் திருடன் புகுந்தால் ஒரு பெட்டிதான் போகும். இப்போது ஹைப்பர்வைசரின் சாவி கிடைத்தால் எல்லா வீட்டுக் கதவும் திறந்துவிடும். 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற பணயத் தாக்குதல் (ரான்சம்வேர்) உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விஎம்வேர் ஹோஸ்டுகளைத் தாக்கியது. உள்ளே நுழைந்து விஎம்களின் ஃபைல்களைப் பூட்டியது. கம்ப்யூட்டர் ஃபைலாக மாறியதன் மறுபக்கம் இது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் போடாமல் விட்டு, இன்டர்நெட்டிலிருந்து நேராக எட்டும்படி வைத்திருந்த ஹோஸ்டுகள்தான் மாட்டின. ஹைப்பர்வைசரை நிர்வகிக்கும் நெட்வொர்க்கை மற்றதிலிருந்து தனியாகப் பிரித்துவைப்பதும், ஹைப்பர்வைசரிலிருந்து தொட முடியாத இடத்தில் ஒரு பேக்கப் வைத்திருப்பதும் கட்டாயம். அந்தப் பேக்கப்பிலிருந்து மாதம் ஒரு விஎம்மையாவது உண்மையில் மீட்டுப் பார்க்க வேண்டும்.

கண்டெய்னர் என்று ஒன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013-இல் டாக்கர் வந்த பிறகு அது பரவியது. விஎம் ஃப்ளாட் என்றால் கண்டெய்னர் ஒண்டுக்குடித்தனம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை உண்டு, ஆனால் கிணறும் முற்றமும் பொது. இங்கே பொதுவாக இருப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல். அதனால் நொடியில் தொடங்கும், இடம் குறைவாக எடுக்கும். ஆனால் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரே முற்றத்தில் இடமில்லை, தடுப்பும் விஎம் அளவுக்குக் கனமில்லை. நிறைய இடங்களில் விஎம்முக்குள்தான் கண்டெய்னர்களை ஓட்டுகிறார்கள். கிளவுட் என்பதும் பெரும்பாலும் இதே விஎம்தான், வேறொருவர் சர்வரில் வாடகைக்கு. அமேசான் 2006-இல் ஸென்னை வைத்துத்தான் அதைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் அஷூரின் தென்னிந்தியப் பகுதி 2015 முதல் சென்னையில் இருக்கிறது.

இப்போது கற்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்தி. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியது. ஒருமுறை பணம் கட்டி வாங்கும் லைசென்ஸ் அதோடு நின்றது, இனி சந்தா மட்டும்தான். செலவு கூடியதால் பல கம்பெனிகள் ஹைப்பர்-வி, நூட்டானிக்ஸ், பிராக்ஸ்மாக்ஸ் என்று மாறிக்கொண்டிருக்கின்றன. விஎம்வேர் மட்டும் தெரிந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்பதால் எதில் தொடங்கினாலும் பரவாயில்லை.

நான் சொல்வது பிராக்ஸ்மாக்ஸ். கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்டது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 16 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய பிசி போதும். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் வேண்டிய ஃபைல்களை முதலில் வேறிடத்தில் எடுத்துவையுங்கள். பிசி ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய் மெய்நிகராக்க வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலில் விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டியில் பெரும்பாலும் எஸ்விஎம் என்றும் இருக்கும். பிராக்ஸ்மாக்ஸை நிறுவி, இரண்டு லினக்ஸ் விஎம் உருவாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிங் செய்யுங்கள். ஒன்றுக்குள் போய் ஒரு ஃபைல் எழுதி, விஎம்முக்குப் பேக்கப் எடுத்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். அப்புறம் அந்த விஎம்மை முழுதாக அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டு, நீங்கள் எழுதிய ஃபைல் அங்கே இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.